அந்தமானில் சீக்கிரமே இருட்டிவிடும்

டூர் கூட்டிப்போகிறவனுக்குப் பகலில் ஒரு கவலையும் கிடையாது; கோயில், கடல், கோட்டை என்று எதையாவது காட்டிவிடலாம். பொழுது சாய்ந்ததும் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு, "அடுத்து இன்னா?" என்று எல்லாரும் லாட்ஜ் வாசலில் வந்து நிற்பார்களே, அப்போதுதான் கவலை ஆரம்பிக்கும். சொந்தக்காரர்களை நாலு இடம் கூட்டிப்போய்த் திரும்பியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம கட்சிதான்.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன டூர் ஆபீசில் எனக்கு வேலை. காசி, ராமேஸ்வரம் என்றே பஸ் விட்டுக்கொண்டிருந்த எங்கள் முதலாளிக்குத் திடீரென்று அந்தமான் ஆசை வந்தது. மெட்ராஸிலிருந்து கப்பல். பொறுப்பு என் தலையில். அதுவரை நானும் கடலைக் கரையில் நின்று பார்த்தவன்தான். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அஸ்தமனம் பார்க்கப் போனோம்

போர்ட் பிளேரில் இறங்கிய அன்றே கடற்கரையில் சூரிய அஸ்தமனம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். நம்ம ஊர்க் கணக்கில் நானே நேரத்தை முடிவு செய்து, ஆறு மணிக்கு எல்லாரையும் வேனில் ஏற்றினேன். அந்தத் தீவு கிழக்கே எவ்வளவோ தள்ளி இருக்கிறது, கடிகாரம் மட்டும்தான் நம்முடையது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போய் இறங்கினால் கும்மிருட்டு. அலைச் சத்தம் கேட்கிறது, அலையைக் காணோம்.

இன்றைக்குத் தொலைந்தோம் என்று நின்றேன். நடந்தது வேறு. இருட்டில் கடல் இரைவதைக் கேட்டதும் எல்லாருக்கும் குஷி பிறந்துவிட்டது. பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரைத் தேடி ஓடினார்கள். யாரோ விழுந்தார்கள், யாரோ சிரித்தார்கள். வல்லத்துக் கண்ணப்பன் மட்டும் என் பக்கத்தில் நின்றார். ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்; ஓவர்டைம் கணக்குப் பார்த்தே பழகியவர். கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

"இன்னா தம்பி, இந்த ஊர்ல சூரியனுக்கு ஓ.டி. கெடையாதா?"

சிப்பி விளக்கு

மறுநாள் சாயங்காலம் கடைத்தெரு. முத்துமாலை, சிவப்பு மரத்தில் செதுக்கிய யானை, சின்னச் சின்னச் சிப்பிகளைச் சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட்ட விளக்கு என்று கடைக்குக் கடை மின்னியது. கண்ணப்பனின் மனைவி சரோஜா அக்கா ஒரு சிப்பி விளக்கின் முன்னால் நின்றவர் நின்றவர்தான். காற்று பட்டால் அது கலகலவென்றது. கடைக்காரர் விலையை இந்தியில் சொல்லி, விரலிலும் காட்டினார்.

கண்ணப்பன் மனைவியின் காதைக் கடிப்பதாக நினைத்துக்கொண்டு, மிஷின் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் சொன்னார்: "மூஞ்சில ஆசைய காட்டாதே. புடிக்காத மாதிரி நட. நாலடி போறதுக்குள்ள இவனே கூப்ட்டு பாதி வெலைக்கு குடுப்பான் பாரு."

இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு படியிறங்கினார்கள். திரும்பிப் பார்க்காமல் நடக்க அக்கா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைக்காரர் விளக்கின் தூசியைத் தட்டிக்கொண்டே, அட்சர சுத்தமான தமிழில் குரல் கொடுத்தார்:

"திரும்பி வர்றப்ப பாத்து வாங்கண்ணே, படி வழுக்கும்."

நடந்து போன சங்கு

விளக்கு வாங்கியாயிற்று, சொன்ன விலைக்கே. அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் கை பரபரத்தது. அடுத்த நாள் கரையோரம் ஒரு பெண் விற்ற சங்குகளில் ஒன்றை எல்லம்மாள் எடுத்தார். மணிமங்கலத்திலிருந்து தனியாக வந்தவர்; கடைசிப் பெண்ணின் கல்யாணம் முடிந்த கையோடு, "இனிமே நான் ஊர் பாக்கணும்" என்று எங்கள் ஆபீசில் வந்து பெயர் கொடுத்தவர். கூடையில் இருந்த சங்கையெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

வேன் பாதி வழி வந்திருக்கும். பின்னாலிருந்து ஓர் அலறல். சீட்டின் மேல் வைத்த சங்கு தானாக நகர்ந்து கண்ணப்பனின் வேட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டார். டிரைவர் பிரேக் போட, சங்கு உருண்டு கீழே விழ, அதிலிருந்து சின்னச் சின்னக் கால்கள் நீண்டன. உள்ளே ஒரு நண்டு! எல்லாரும் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. எல்லம்மாள் மட்டும் முந்தானையால் அதைப் பதமாகப் பிடித்துக்கொண்டு, வேனைத் திருப்பச் சொன்னார். கரையில் கொண்டுபோய் விட்டார். நண்டு தன் சங்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தது. "நண்ட எடுத்துப் போட்டுட்டு சங்க வச்சிருக்கலாமே அக்கா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடித்தனக்காரன் கீற வூட்ட எனக்கு வித்துட்டா அவ. நான் போயி அத்த காலி பண்ணச் சொல்றதா?"

ராட்டினம்

கடைசி நாள். அன்று இரவே கப்பல். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று அங்கே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் ஊர் மைதானத்தில் பொருட்காட்சி போட்டு, பெரிய ராட்டினமும் நிறுத்தியிருந்தார்கள். பெட்டிகள் கப்பலுக்குப் போய்விட்டன, ஆட்கள் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். கண்ணப்பனுக்கு உயரம் ஆகாது. வரும்போது கப்பலில் வாந்தி எடுத்தே களைத்த மனைவியையும் ஏறாதே என்றார். அவர் பஜ்ஜி வாங்கப் போன நேரத்தில், சரோஜா அக்காவும் எல்லம்மாளும் ராட்டினத்தில் ஏறிவிட்டார்கள்.

மூன்றாவது சுற்றில் படாரென்று ஒரு சத்தம். எஞ்சின் பெல்ட் அறுந்துவிட்டது. ராட்டினம் நின்றது. இவர்கள் இருந்த பெட்டி உச்சியில் ஆடிக்கொண்டிருந்தது. துறைமுகத்திலிருந்து கப்பலின் சங்கு ஒலித்தது. பஜ்ஜியோடு வந்த கண்ணப்பன் மேலே பார்த்தார். பொட்டலம் கீழே விழுந்தது. "சரோஜா! கீழ பாக்காதே! கம்பிய புடிச்சுக்கோ!" ஏணியில்கூட ஏறத் தயங்குகிற மனிதர் செருப்பை உதறிவிட்டு இரும்புக் கம்பியில் கால் வைத்துவிட்டார். இடுப்பைப் பிடித்து இழுத்து இறக்கினோம்.

அவர் போட்ட சத்தத்தில் ஓடி வந்த ராட்டினக்காரர், "கையாலயே சுத்திடலாம், ஆள் வாங்க" என்றார். எங்கள் ஆண்கள், முன்பின் தெரியாத வங்காளிகள், கடை போட்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். பெட்டி பெட்டியாக இழுத்து இறக்கினோம். ஒவ்வொரு பெட்டி தரையைத் தொட்டபோதும் மைதானமே கைதட்டியது. ஒருவழியாக அக்காவின் பெட்டியும் இறங்கியது. கண்ணப்பன் மனைவியின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. அப்படியே துறைமுகத்துக்கு ஓடினோம். கடைசி ஆளாக எல்லம்மாள் படியேறி முடித்ததும் கப்பலின் படியை எடுத்தார்கள்.

மேல்தளத்தில் மூச்சு வாங்க நின்றபோது, கண்ணப்பன் "ரொம்ப பயந்துட்டியாடி?" என்று கேட்டார். கலைந்த தலையோடு, கரை விளக்குகளைப் பார்த்தபடி அக்கா சொன்னார்:

"பயமா? அங்கருந்து பாத்தா தீவு, கடலு, கப்பலு எல்லாம் கையெட்டற தூரத்துல கீதுங்க. நீங்க அப்படி கத்தலன்னா இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியா குந்திக்கினு இருந்திருப்பேன்."

சந்தோஷமாக இருக்கிறவர்களை நேரத்துக்குக் கப்பல் ஏற்றுவதைவிடச் சிரமமான உத்தியோகத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.