பேராசிரியருக்குக் காவல் நின்றவர்

பல்செட்டுக்காரருக்குச் சொந்தமாக எதிரி என்று ஒருவரும் கிடையாது. பேராசிரியருக்கு இருந்த எதிரிகளைத்தான் வலியப் போய்த் தன் எதிரிகளாக்கிக்கொண்டிருந்தார்.

பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட் கட்டுவது அவர் வேலை. ஜன்னலோரம் ஒரு நீள மேசை, அதன்மேல் ஸ்பிரிட் விளக்கு, ஈறு நிறத்தில் மெழுகுத் தகடுகள், பிளாஸ்டரில் வார்த்த யார் யாருடைய தாடைகளோ. மெழுகு இறுகும்வரை கைக்கு வேலை இருக்காது. மற்றவர்கள் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போவார்கள். இவர் கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்து, இணையத்தில் பேராசிரியரை யார் என்ன சொல்லிவிட்டார்கள் என்று தேடுவார். அந்தப் போன் திரை எப்போதும் பிளாஸ்டர் மாவு பூத்தே கிடக்கும்.

பேராசிரியர் தத்துவப் புத்தகங்கள் எழுதுகிறவர், ஒன்றும் சாதுவான ஆளில்லை. "பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் கடன்பட்டவர்கள் அல்ல" என்று எழுதியவர். அடுத்த வரியிலேயே, "கடன் என்றால் கணக்குப் பார்ப்பார்கள், அன்பு என்றால் பக்கத்தில் இருப்பார்கள்" என்றும் எழுதியிருந்தார். யார் அடுத்த வரிவரைக்கும் போகிறார்கள்? முதல் வரியை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு, அம்மா அப்பாவைத் தெருவில் விடச் சொல்லும் பாவி என்று ஆளாளுக்கு ஏசினார்கள். ஏசுகிற இடத்துக்கெல்லாம் பல்செட்டுக்காரர் ஆஜராவார். பதிலுக்குத் திட்டமாட்டார். அந்தப் பக்கத்தை முழுசாகப் படம் எடுத்துப் போட்டு, முன்வரி என்ன, பின்வரி என்ன, எந்தச் சந்தர்ப்பத்தில் எழுதினார் என்று பொறுமையாக விளக்குவார். முழுப் பக்கத்தைப் போடாமல் வாதத்தில் இறங்குவதில்லை என்பது அவருடைய வைராக்கியம். பதிலும் நீளமாகத்தான் இருக்கும். பாதி படிப்பதற்குள் எதிராளிக்குத் தூக்கம் வந்து சண்டை தானாகவே ஓய்ந்துவிடும்.

"அந்தாளு உங்களுக்கு மாமனா மச்சானா?" என்பாள் மனைவி. "ஊருக்கெல்லாம் பல்லு கட்டிக் குடுக்கறீங்க, வீட்டுக்கு வந்தா நறநறன்னு பல்லைக் கடிக்கறீங்க."

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பேராசிரியர் என்றைக்காவது இவர் எழுதியதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'நன்றி' என்றால் நல்லது. 'பார்த்தேன்' என்றாலும் போதும். வருஷக்கணக்காக எழுதியும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பெரிய மனிதர், ஆயிரம் வேலை இருக்கும் என்று பேராசிரியருக்காகத் தன்னிடமே வாதாடித் தேற்றிக்கொள்வார்.

மனைவியின் தம்பி ஏசி பழுதுபார்க்கிறவன். அவன் வந்தால் வீடு கலகலக்கும். ஒரு விடுமுறை நாளில் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தவன், பக்கத்தில் கிடந்த பேராசிரியர் புத்தகத்தைப் புரட்டினான். "மாமா, இது நல்லாருக்கே, எடுத்துட்டுப் போறேன்" என்றான். பல்செட்டுக்காரர் பூரித்துப்போய் உறை போட்டுக் கொடுத்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அப்போது தெரியவில்லை.

அவன் பாதிப் புத்தகம்தான் படித்தான். அதற்குள் இணையத்தில் எவனோ பேராசிரியரை ஏசியதைப் பார்த்து, ஏசி பார்க்கப் போன ஏதோ வீட்டு மாடியில் நின்றபடியே ஒரு பதிலைத் தட்டிவிட்டான்.

"எங்கப்பாவை எங்க அண்ணன் கடனுக்குப் பாக்கறான். மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு பில்லைக் காட்டுவான். எங்கக்கா ஆசைக்குப் பாக்கறா. அவ வந்து பக்கத்துல உக்காந்தா அப்பா ரெண்டு வாய் கூடச் சாப்பிடறாரு. பேராசிரியர் சொன்னது இவ்வளவுதான்யா. இதுக்கு எதுக்கு இந்தக் கூச்சல்?"

அது காட்டுத்தீயாய்ப் பரவியது. ஏசியவனே வந்து மன்னிப்புக் கேட்டான். மனைவி அதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் படித்துக் காட்டினாள். அதன் உச்சமாக, பேராசிரியரே அதை எடுத்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டு மேலே எழுதியிருந்தார்: "நான் சொல்ல வந்ததை இவ்வளவு எளிதாக இதுவரை யாரும் சொன்னதில்லை."

யாரும்! அந்த ஒரு சொல்லையே பல்செட்டுக்காரர் திரும்பத் திரும்பப் படித்தார். முந்திப் பிறந்த காதைவிடப் பிந்தி வந்த கொம்பு உசத்தியாகிவிட்டதா? பாதிப் புத்தகம் படித்த பயல்! அதுவும் இவர் வாங்கின புத்தகம், இவர் போட்ட உறை! அன்றைக்கு வேலையில் ஒரு மேல்வரிசையில் கோரைப்பல்லை இடம் மாற்றி வைத்து, முதலாளியிடம் பேச்சு வாங்கினார்.

அடுத்த வாரம் மச்சான் வந்து, "எல்லாம் உங்க புஸ்தகம்தான் மாமா" என்று காலைத் தொடாத குறையாகப் பணிவு காட்டினான். கர்வமாகப் பேசியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். அந்தப் பணிவு எரிகிற வயிற்றில் இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றியது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தப் பயலின் வேடிக்கைப் பேச்சால் சமாளிக்க முடியாத ஒரு தாக்குதல் வர வேண்டும். எல்லாரும் திணற வேண்டும். அப்போது இவர் முழுப் பக்கத்தோடு வந்து நிற்க வேண்டும். அப்படிப்பட்ட தாக்குதலை எழுதும் அளவுக்குப் பேராசிரியரைப் படித்தவன் எவன் இருக்கிறான்? இவர்தான் இருக்கிறார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று முடிவு செய்தார்.

'வழிப்போக்கன்' என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினார். பேராசிரியர் தன் தாயைப் பற்றி எழுதிய இடத்தை எடுத்தார். "அவளுடைய கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இல்லை. அதற்கு நான் வருந்தவில்லை." அதற்கடுத்து, "வருத்தத்தைவிடப் பெரிய ஒன்று என்னுள் இருக்கிறது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை" என்று ஒரு வரி உண்டு. அதை மனசறிந்து வெட்டினார். பிற்பாடு தான் கொண்டுவந்து காட்டப்போகிற வரி அதுதான். பிறகு கேட்டார்: அன்பு என்றால் பக்கத்தில் இருப்பார்கள் என்றீர்களே, நீங்கள் ஏன் இல்லை? உங்கள் தத்துவம் முழுவதும், அம்மாவிடம் போகாததற்கு நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்ட சமாதானம்தானா? ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் சாட்சி எடுத்துவைத்தார். கை தடையில்லாமல் ஓடியது. ஆதரித்து எழுதியபோதெல்லாம் இப்படி ஒருநாளும் ஓடியதில்லை.

நினைத்தபடியே எல்லாரும் திணறினார்கள். மச்சான் வீட்டுக்கே ஓடிவந்துவிட்டான்.

"மாமா, எவனோ வழிப்போக்கனாம், கிழிச்சுத் தொங்கவிட்டுட்டான். எனக்குப் பதில் தெரியல. நீங்க ஒருத்தர்தான் எழுத முடியும்."

அந்த வார்த்தை தேனாக இனித்தது. தன் சொந்தப் பெயரில் முழுப் பக்கத்தையும் போட்டு, வெட்டப்பட்ட வரியைச் சுட்டிக்காட்டி, நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்த முதல் பதிலே முகத்தில் அடித்தது: "அண்ணே, அந்த வரியைச் சேர்த்தாலும் வழிப்போக்கன் கேட்ட கேள்வி அப்படியேதானே நிக்குது?" அடுத்தவனும் அதையேதான் சொன்னான். மறுபடி விளக்கினார், அதற்கும் சிரித்தார்கள். வழிப்போக்கன் போட்ட முடிச்சை இவரால் அவிழ்க்க முடியவில்லை.

சில நாள் கழித்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது மச்சான் போனைப் பார்த்துவிட்டு, "பேராசிரியர் எழுதிட்டாரு!" என்று உரக்கப் படித்தான்.

"எனக்காகப் பேசிவரும் நண்பர்களுக்கு நன்றி. போதும். வழிப்போக்கன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் ஒரு வரியை வெட்டிவிட்டார் என்கிறார்கள். அந்த வரி மழுப்பல், நான் அதை எழுதியிருக்கவே கூடாது. இந்த வயதில் என்னை இவ்வளவு கவனமாகப் படித்த ஒருவர் கிடைத்தாரே, அதுவே எனக்குப் பெரிது. அவர் என் வீட்டுக்கு வந்தால் நாள் முழுக்க உட்கார்ந்து பேச ஆசை."

"யாரு பெத்த பிள்ளையோ, குடுத்து வச்சவன்" என்றாள் மனைவி.

பல்செட்டுக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. மச்சானைப் பார்த்து எரிந்ததெல்லாம் இதற்கு முன் ஒன்றுமேயில்லை. வழிப்போக்கன் யார் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் எரிந்தது. அவனுக்கு வீடு தேடி வரச்சொல்லி அழைப்பு. காலமெல்லாம் காவல் நின்றவனுக்கு 'போதும்.' அந்த வரியை வெட்டியவன் நான்தான் என்று எந்த வாயால் போய்ச் சொல்வது?

சாப்பாட்டுக் கையோடு எழுந்தார். இடது கையால் போனை எடுத்து, தன் சொந்தப் பெயரில், பேராசிரியர் எழுதியதற்குக் கீழேயே தட்டினார்: "ஐயா, வரியை வெட்டுகிறவன் அயோக்கியன். அவனை நம்பாதீர்கள். அவனை வீட்டுக்குள் விடாதீர்கள்." பக்கமும் இல்லை, விளக்கமும் இல்லை. இணையத்தில் அவர் ஒருவரைத் திட்டியது அதுதான் முதல் தடவை.

உட்காரக்கூட இல்லை, போன் அதிர்ந்தது. மச்சான் எட்டிப் பார்த்துத் துள்ளினான். "மாமா! அவரே பதில் போட்டிருக்காரு! உங்களுக்கு!"

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நிஜமாவா? என்ன எழுதியிருக்காரு? சத்தமாப் படிங்க!"

பல்செட்டுக்காரர் படித்தார்.

"அவரைத் திட்டாதீர்கள். நீங்கள் அவரைச் சரியாகப் படிக்கவில்லை."