மூச்சை நீக்கிய ஒலிப்பதிவு

எங்கள் இசைப் பள்ளியில் புல்லாங்குழல் டீச்சர் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். சாவிப் பதிவேடு என் மேசையில் இருந்ததால் அவர் வரும் நேரம் எனக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு நான்காம் அறையைத் திறப்பார். ஏழரை வரை தனியாகச் சாதகம். பிறகு மாலை வரை ஒன்பது மாணவர்கள். எல்லோருக்கும் சினிமாப் பாட்டுதான் வேண்டும். சலிக்காமல் சொல்லிக்கொடுப்பார்.

காலையில் அவர் வாசித்தது வேறு. இந்தக் காலத்தில் எழுதப்படும் புதிய இசை. உலோகக் குழலில் சுரம் எழாமல் மூச்சை மட்டும் ஓடவிடுவார். விசைகளை விரலால் தட்டுவார். சில சமயம் ஒரே ஊதலில் இரண்டு சுரங்கள் கேட்கும். வீட்டில் பழகியபோது கீழ்வீட்டு அம்மாள் ஏறி வந்து, "கேஸ் ஏதாவது லீக் ஆகுதாம்மா?" என்று கேட்டாராம். அதன்பிறகு வீட்டில் குழலை எடுக்கவில்லை. சேர்ந்து வாசிக்கவும் ஊரில் ஆள் இல்லை.

அவருடைய நாற்பத்து மூன்றாம் வயதில் வெளியூர்க் குழு ஒன்று குழல் வாசிக்க ஒருவரைத் தேடியது. ஐந்து பேர், இதே இசை. ஏழு நிமிடம் நாற்பது விநாடி கொண்ட உருப்படி ஒன்றைப் பதிவு செய்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும்.

டீச்சருடைய அக்காவின் கணவர் விளம்பரங்களுக்கு ஒலிப்பதிவு செய்பவர். புதன்கிழமை பதிவு செய்தார். வெள்ளி மூன்றரைக்குத்தான் அதை டீச்சருக்கு அனுப்பினார். டீச்சர் என் மேசையருகே நின்றபடியே கேட்டுவிட்டு, அவரைப் போனில் அழைத்தார்.

"மாமா, பாதியைக் காணோமே?"

"சுத்தம் பண்ணிட்டேன்மா. ஒரே புஸ்ஸு புஸ்ஸுன்னு இருந்துச்சு. உனக்கு ஆஸ்துமாவோன்னு உங்கக்கா வேற பயந்துட்டா. ரெண்டு நாளா உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்தேன்."

"அந்தப் புஸ்ஸுதான் மாமா பாட்டு."

"ஐயையோ!"

"எடுக்காதது இருக்கா?"

"இடம் இல்லேன்னு அழிச்சிட்டேனே."

டீச்சர் திட்டவில்லை. "சரி மாமா, வைக்கிறேன்" என்றார்.

நான்கு மணி வகுப்புக்கு வந்திருந்த மாணவர் ஐம்பத்திரண்டு வயதுப் பல் டாக்டர். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை நடைக்கு இழுத்துப் போட்டார்.

"நீங்க உள்ளே போய் ஊதுங்க டீச்சர். எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்றவன் நான். இன்னிக்கு மூட வைக்கிறேன்."

டீச்சர் தன் போனிலேயே பதிவு செய்தார். முதல் முறை மாடியில் யாரோ மேசையை நகர்த்தினார்கள். இரண்டாம் முறை இசைத்தாளின் நான்காம் பக்கத்தில் மூச்சு கொஞ்சம் முன்னதாகவே தீர்ந்தது. மூன்றாம் முறை உதடு ஒத்துழைக்கவில்லை. இரண்டாவதை நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார்.

இருபத்தாறு நாள் கழித்து, டாக்டரின் வகுப்பு நேரத்தில் பதில் வந்தது. வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு வரி: நான்காம் பக்கத்தில் மூச்சு அடங்கும் இடத்தைக் கால் விநாடி முன்னதாக முடித்துவிட்டீர்கள்.

டீச்சர் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார்.

"கால் விநாடி. கரெக்டா பிடிச்சிருக்காங்க, டாக்டர்."

"அவ்வளவு நுணுக்கமா கேட்டிருக்காங்களே. அது நல்லதுதானே டீச்சர்?"

"நல்லதுதான். ஆனா கேக்கறவங்க அஞ்சு பேரும் அங்கதானே இருக்காங்க."

டாக்டர் தன் குழல் பெட்டியைத் திறந்தார். குழலின் மூன்று துண்டுகளையும் எடுத்து மெதுவாகப் பொருத்தத் தொடங்கினார்.