பாத்தியில் கடல்மணல்

நாற்றுகளைப் பிச்சம்மாள் சிரட்டையில்தான் போடுவாள். காசித்தும்பை, ஜினியா, கோழிக்கொண்டை. ஓலை நிழலில் வைத்து, முதல் நாள் ஒரு நாழிகை வெயில், மறுநாள் இரண்டு என்று பழக்குவாள். பங்களாக் கிணறு உப்பு. விடிகாலையில் தெருக்குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமப்பாள். பஞ்சு கம்பெனி துரையின் பங்களாவில் ஏழு வருஷமாக இதுதான் அவள் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துநாலு சித்திரையில் பாத்தி கொள்ளாத பூ.

சனிக்கிழமை துரைசானி விருந்து வைத்தாள். முந்தின நாள் குமாஸ்தா கிளாட்வின் இரண்டு வண்டி கடல்மணல் இறக்கினார். கல்யாண வீட்டு முற்றத்தில் கடல்மணல் விரிப்பது இந்தக் கரை வழக்கம். அவர் முற்றத்தோடு நிற்கவில்லை.

"பாத்தியிலயும் போடு. செடிக்கு அடியில வெள்ளையா கெடந்தா அழகுல்லா."

"தண்ணி ஊத்துனா உப்பு வேருக்கு எறங்கிரும் அய்யா. பச்சப்புள்ள மாதிரி செடி."

"ஏளா, எனக்கே பாடம் எடுக்கியா? தள்ளு. வண்டிக்காரன் போடுவான்."

செவ்வாய்க்கிழமை இலை ஓரம் கருகியது. வெள்ளிக்கிழமை எல்லாச் செடியும் படுத்துவிட்டது.

துரைசானி பார்க்க வந்தாள். கிளாட்வின் ஒரு காகிதத்தை வாசித்தார். கிணற்றுத் தண்ணீரை ஊற்றிச் செடிகளைக் கொன்றது பிச்சம்மாள் என்று அதில் இருந்தது. ரேகை வைத்துவிட்டு வேலையை விட்டுப் போக வேண்டும்.

பிச்சம்மாள் நடந்ததையெல்லாம் துரைசானியிடம் சொன்னாள். அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியவரும் கிளாட்வின்தான். மூச்சுவிடாமல் அவள் சொன்னது அவர் வாயில் நாலே வார்த்தையாக வந்தது. துரைசானி வருத்தத்தோடு தலையசைத்தாள், மன்னித்துவிட்டதுபோல.

மன்னிப்பா? பிச்சம்மாளுக்கு உச்சி கொதித்தது.

"நான் சொன்னது என்ன, நீரு சொல்லுதது என்ன? ஏழு வருசம் இந்த இடுப்புல சுமந்த தண்ணிவே!"

மதிலோரம் மிச்சம் கிடந்த மணலில் ஒரு பிடி அள்ளினாள். கொஞ்சம் நாக்கில் வைத்துத் துப்பினாள். கையை அப்படியே துரைசானிமுன் நீட்டினாள்.

துரைசானி விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது. வெள்ளை மணல் விரித்த பாத்தியைப் பார்த்தாள், பிறகு கிளாட்வினை. அவர் காகிதத்தை மடிக்கத் தொடங்கினார்.

"மடிக்காதீரும். கொன்னது யாருன்னு இப்ப எழுதும். எழுதி அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்."

அவர் எழுதவில்லை. பிச்சம்மாள் அங்கிருந்து நகரவும் இல்லை.