வைப்பருக்கு வைத்த எண்ணெய்

கண்டி மஹய்யாவயில் இருக்கிற ராஜலிங்கத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நன்றாக ஓடுகிற சாமானைக் கழற்றிப் பார்ப்பார். கண்டிப் புடவைக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிற மனுசனுக்கு ஸ்பானரோடு என்ன சகவாசம் என்று யாராவது கேட்டுவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவருடைய பழைய பச்சைக் காரில் வைப்பர் கீச் கீச்சென்று சத்தம் போட்டது. போட்டால் என்ன? மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டுதானே இருந்தது!

ஆனால் அந்த வாரம் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அக்கா மூக்காயியைக் கூட்டிவர வேண்டும். அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, எதிரில் நிற்கிற ஆள் ஆணா பெண்ணா என்பதே குரலை வைத்துத்தான். கண்டிப் பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும். தோட்டத்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் அது நடக்காது. முதல் நாளே வந்து தங்கச் சொன்னால், "பசுவ யாருடா கறப்பா?" என்பாள். விடியக்காலையில் போய்க் கூட்டிவருவதாக ராஜலிங்கம் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆகவே ஞாயிறு மத்தியானம் முற்றத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார். வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழிருந்த தகட்டைத் தூக்கி, மோட்டரிலிருந்து போகிற கம்பிகளையும் கைகள் பொருந்துகிற அச்சுகளையும் வெளியே எடுத்தார். பழைய கிறீஸ் கறுத்துப் பிசினாய் ஒட்டியிருந்தது. பெற்றோல் விட்டுத் தேய்த்து அதைச் சுத்தமாக எடுத்துவிட்டார். பிறகு அடுப்புக்குப் பக்கத்து மாடத்திலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவரச் சொன்னார். அந்த வீட்டில் தையல் மெசினுக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான், பூட்டுக்கும் அதுதான். அவருக்கு மட்டும் தலையில் எண்ணெய் வைக்கிற வேலை இல்லாமல் போய்ப் பல வருசம். அச்சுகள் மூழ்க மூழ்க விட்டு, எல்லாவற்றையும் பூட்டி, சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லாமல் வைப்பர் வழுக்கிக்கொண்டு ஆடியது.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம்.

"என்னத்தங்க பாக்குறது? நேத்தும்தான் ஆடுச்சு," என்றாள் சுப்பம்மா.

குறித்த நாள் விடியக்காலை, பேராதனை தாண்டி கலஹாப் பக்கம் ஏறும்போது மழை பிடித்தது. சுவிட்சைப் போட்டார். மோட்டர் முனகியது, வைப்பர் அசையவில்லை. மார்கழிக் குளிர் எலும்பைத் தொட, கண்ணாடியில் தண்ணீர் வழிய, ஓரமாய் நிறுத்தி ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார். மழை விட்டு அக்கா வீட்டை அடைந்தபோது நேரம் கடந்துவிட்டது. அவள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள்.

"சரி விடுடா. இத்தன நாளு இருட்டுல கெடந்தேன், இன்னும் ஒரு மாசம் கெடந்துட்டுப் போறேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை! ராஜலிங்கத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது கூத்து. கராஜ் வைத்திருக்கும் ஜமால்தீனை மத்தியானம் கூட்டிவந்து காட்டினால், வைப்பர் சொன்னபடி ஆடியது. "வேல செய்ற சாமான நான் என்னத்த ராஜலிங்கம் திருத்துற? ஒங்களத்தான் திருத்தணும்," என்று சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் விடியலில் போட்டால் முனகல். பத்து மணிக்குப் போட்டால் ஆட்டம். ஒருநாள் புழுக்கமான காலையில் நன்றாக ஆடித் தொலைத்து, அவர் கண்டுபிடித்து வைத்திருந்த காரணங்களையெல்லாம் கெடுத்தது. வயர் என்றார், பற்றரி என்றார், சுவிட்ச் என்றார். சுப்பம்மா கண்ணேறு என்று சொல்லி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டாள். பாவம் மனுசன், மண்டை காய்ந்து போனார். ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும் கழற்றினார், துடைத்தார், எதற்கும் இருக்கட்டுமென்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார்.

தை மாதத்தில் ஆஸ்பத்திரி இரண்டாவதாகக் கொடுத்த நாள் வந்தது. புறப்படும்போது வானம் தெளிவாய்த்தான் இருந்தது. கலஹாவில் தூறல். சுவிட்ச். முனகல். ராஜலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, இந்த முறை வெள்ளெனவே புறப்பட்டிருந்தார். தலையை வெளியே நீட்டி, துவாயால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, நத்தை வேகத்தில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தார். மூக்காயி குடையும் பிளாஸ்க்குமாய் ரோட்டிலேயே நின்றாள். அவள் ஏறவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

"ஏன்டா நிக்கிற? போடா."

"ஒண்ணும் தெரியலக்கா."

"எனக்குந்தான் தெரியல. ரெண்டு பேருல யாருடா வண்டி ஓட்டுறது?"

ராஜலிங்கம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஒரு மாதமாய்ப் பட்ட பாட்டையெல்லாம் சொன்னார். காலையில் சண்டித்தனம், மத்தியானம் சமாதானம். எதுவும் விளங்கவில்லை. இந்த நாளும் போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

மூக்காயி குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். தடவித் தடவி முன்னால் போய், வைப்பர் அடியில் விரலை விட்டாள். விரலை மூக்கருகில் கொண்டுபோனாள்.

"என்னடா இது, தேங்கா எண்ண வாசம்?"

"ஆமாக்கா, நான்தான் விட்டேன். நல்லா வழுக்குமே."

"அட கூறுகெட்டவனே! கட்டியா ஒறஞ்சு கெடக்குடா. இந்தக் குளிருல எங்க வீட்டு எண்ணப் போத்தல அடுப்புக்கிட்ட வைக்காம ஒரு சொட்டு எறங்குமா? தலைக்கு எண்ண வைக்கிறவளுக்கெல்லாம் தெரியும், ஒனக்குத் தெரியாதா?"

பின்னாலேயே இறங்கி வந்த ராஜலிங்கம் தானும் விரலை விட்டுப் பார்த்தார். மாடத்துப் போத்தல் அடுப்புச் சூட்டில் எப்போதும் உருகியே இருந்தது. மத்தியான வெயில். விடியக்காலைக் குளிர். மேலே மேலே ஊற்றிய எண்ணெய். ஒரு மாதமாய்த் தன் கையாலேயே அக்கா கண்ணை மறைத்து வைத்திருக்கிறார்!

"முழிச்சுக்கிட்டு நிக்காத. பிளாஸ்க்க எடு. ஒனக்குன்னு ஊத்துன சாயத்தண்ணிதான், சுடச்சுட இருக்கு. ஊத்துடா."

இரண்டு அச்சிலும் அந்தப் பால் விடாத தேநீரை ஆவி பறக்க ஊற்றினார். சுவிட்சைப் போட்டார். வைப்பர் ஒருமுறை இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது, பிறகு ஆட ஆரம்பித்தது. "இனி நிப்பாட்டாத, மழ விட்டாலும் நிப்பாட்டாத," என்றாள் மூக்காயி. மழை விட்ட பிறகும் காய்ந்த கண்ணாடியில் அது வறட் வறட்டென்று ஆடிக்கொண்டே வர, கண்டி போய்ச் சேர்ந்தார்கள். வார்டுக் கதவைச் சாத்தப்போன தாதி அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

மறுநாள் ஒரு கண்ணின் கட்டை அவிழ்த்தார்கள். ராஜலிங்கம் கட்டிலருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூக்காயி கண்ணைச் சிமிட்டி, அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தபோது தம்பிக்கு நெற்றியில் விழுகிற சுருட்டை முடி.

"அடப் பாவி," என்றாள். "இருந்த எண்ணயெல்லாம் காருக்கே ஊத்திட்டியாடா?"

ராஜலிங்கம் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அழுகையானது. அதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.