எட்டு வீட்டு மாடியில் கவிழ்த்த பானைகள்

விழுப்புரம் ஜங்ஷனுக்குக் கிழக்கே வரிசையாக எட்டு வீடு. திண்டிவனத்தில் நாலு வீடு. இரண்டு இடத்திலும் கிணறு. மார்கழிக் குளிருக்கு எட்டுக் குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு செம்பு பாய்லர். இதையெல்லாம் கட்டியவன் நான். இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பிளான் என்று ஒரு காகிதத்தைக் கையில் பிடித்ததில்லை. முழக்கயிறும் ரசமட்டமும்தான். முதலாளி திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்தவர். பணம் அவருடையது. மூளை என்னுடையது.

கட்டி முடித்ததும் வீடுகளைப் பார்த்துக்கொள்ள என்னையே வைத்தார். எட்டாம் வீடு எனக்கு. என் மனைவி தலைப்பிரசவத்தில் போய், குழந்தையும் தங்காத வருஷம் அது. குடிவந்தவர்கள் எல்லாரும் ரயில்வேக்காரர்கள். மெல்லிய தளம், சித்திரை வெயிலில் தோசைக்கல் மாதிரி காயும். பங்குனி கடைசியிலேயே பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் படுக்கப் போய்விடுவார்கள். இரண்டு மாதம் ஏழு பூட்டும் நானும்தான் அந்த வரிசையில் இருப்போம்.

ஏழாம் வீட்டில் கூட்ஸ் வண்டி கார்டு ஒருவர் குடியிருந்தார். அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம். இடையில் ஒற்றைக்கல் சுவர். தொட்டில் கொக்கி கிறீச்சிடுவது என் வீட்டில் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடப் பழகிவிட்டேன். அந்த வருஷமும் வெயில் ஏற, கார்டு என்னிடம் வந்தார்.

“இந்தச் சூட்ல புள்ளைக்கு ஒடம்பெல்லாம் கொப்புளம் மேஸ்திரி. இவள அம்மா வூட்டுக்கு அனுப்பிச்சிட்டு வூட்ட காலி பண்ணிடலாம்னு பாக்குறேன். நான் ஸ்டேஷன் ரன்னிங் ரூம்லயே படுத்துக்குவேன்.”

“பத்து நாள் குடுங்க சார். வூட்ட குளுகுளுன்னு பண்ணித் தர்றேன்.”

தளத்தின் மேல் பானைகளை நெருக்கமாகக் கவிழ்த்து, இடுக்கில் சுண்ணாம்புக் கலவையை நிரப்பி, மேலே தட்டை ஓடு பதித்தால் வெயில் பானைக்குள் இருக்கும் காற்றைத் தாண்டி இறங்காது. பெரிய பங்களாக்களில் பார்த்திருந்தேன். ஆனால் வாடகை வீட்டுக்கு யார் செய்வார்கள்? முதலாளி பானைக்குக் காசில்லை என்றார். நான் பெருமுக்கல் பக்கம் போய், பதநீர் இறக்கிக் கழித்துப்போட்ட பழைய கலயங்களை இரண்டு மாட்டுவண்டியில் பல நடை ஏற்றி வந்தேன். நாலு நாளில் எட்டு வீட்டு மாடியிலும் கவிழ்த்தாயிற்று. கலவை போடுவதுதான் பாக்கி.

ஐந்தாம் நாள் காலையில் கார்டின் மனைவி வாசலுக்கு வந்து நின்றார்.

“மேஸ்திரிண்ணா, மேல பானை அடுக்குனீங்களா, எறும்புக்குச் சத்திரம் கட்னீங்களா? உத்தர இடுக்குல சாரசாரையா எறங்குது. தொட்டில்ல புள்ளையப் போட முடியல. காலைலேர்ந்து நசுக்கிக்கினே இருக்கேன்.”

வருஷக்கணக்கில் பதநீர் ஊறிய மண். கழுவித்தான் அடுக்கினேன், ஆனாலும் இனிப்பு போகவில்லை. இன்னொருவனாக இருந்தால் பானைகளைத் தூக்கி எறிந்திருப்பான். நான் அத்தனையையும் இறக்கி, திருவாமாத்தூர் பக்கத்தில் சூளை வைத்திருந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்தார்.

“பச்சைப் பானைய சுடுவாங்க. சுட்ட பானைய சுடச் சொல்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்.”

“நீ சுடு. உள்ள ஊறுனது கருகினா போதும்.”

உடைந்தது போக மிச்சம் ஆறு வீட்டுக்குத்தான் வந்தது. என் வீட்டையும் ஒன்றாம் வீட்டையும் விட்டுவிட்டு ஏழாம் வீட்டு மாடியில் முதலில் அடுக்கினேன். கலவையை நானே மிதித்துக் குழைத்தேன். எறும்பு வரவில்லை. அக்கினி நட்சத்திரத்தில் அந்த வீட்டுக்குள் காலை வைத்தால் கிணற்றுக்குள் இறங்கியது போலிருக்கும். அந்தக் கோடையில் அவர்கள் எங்கேயும் போகவில்லை. என் தளம் மட்டும் பழையபடி காய்ந்தது. வேர்க்க வேர்க்கத் தொட்டில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசியில் கார்டுக்கு மதுரைப் பக்கம் மாற்றல் வந்தது. மாற்றல் உத்தரவை நிறுத்த என்னிடம் பானை இல்லை. வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். அந்தச் சுவர் அவ்வளவு கனமானது என்று அன்றுதான் தெரிந்தது.

மற்றவர்களும் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனார்கள். முதலாளியும் போய்விட்டார். இப்போது அவர் மகன் வாசலில் கல்வெட்டு பதித்திருக்கிறார். அதில் அவர் அப்பா பேர் இருக்கிறது. முனிசிபாலிட்டிக்குக் காட்டக் கடைசியில் பிளான் வரைந்து கொடுத்த எஞ்சினியர் பேரும் இருக்கிறது. மாடி குளிர்ச்சி எஞ்சினியர் யோசனை என்று புதுக் குடித்தனக்காரர்களிடம் மகன் சொல்கிறாராம். அந்த எஞ்சினியர் மாடிப்படி ஏறியதே இல்லை.

எனக்காகச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் எந்த ஊரில், எந்த ஸ்டேஷனில் இருக்கிறார்களோ, உயிரோடுதான் இருக்கிறார்களோ. அதனால் நானே கேட்கிறேன். எஞ்சினியர் பேரை எடுக்கச் சொல்லவில்லை. அந்தக் கல்லில் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். மாடி போட்டவன் மேஸ்திரி என்று வெட்ட வேண்டும். என் கண் தெரியும்போதே வெட்ட வேண்டும்.