ஐந்து மீட்டரில் நின்றவர்

எங்கள் கடல் முக்குளிப்புச் சங்கத்தில் நான் எழுதும் பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பேர் இருக்க வேண்டும்: இறங்குகிறவர், அவருடைய இணை. தையல்காரம்மாவின் வரிகளில் பதினெட்டு வருடமாக இணை ஒருவரே, அவர் கணவர். மொத்தம் அறுநூற்றுப் பதினொரு முறை. பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, ஏழு மாதம் படுத்திருந்து இறந்துபோனார்.

அந்த அம்மா பள்ளிச் சீருடை தைக்கிறவர். முன்னறையில் இரண்டு மெஷின். கிழிந்த முக்குளிப்பு உடுப்புகளையும் எங்களுக்கு ஒட்டித் தருவார். கணவர் போன நான்காம் மாதம் என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணே, நான் இறங்கணும். தனியா."

"யாரையாவது ஜோடி சேர்த்து அனுப்புறேன் தங்கச்சி."

"நானும் அவரும் எப்பவும் போற பாறைக்கு வேற ஆளோட போனா வந்த ஆளைத்தான் கவனிச்சுட்டு இருப்பேன். அவரை எப்ப நினைக்கிறது?"

தனியாக இறங்கத் தனிச் சான்றிதழ் வேண்டும். அது வீண்வேலை என்று எங்கள் பயிற்சியாளரான இளம்பெண்ணிடம் வாதாடினேன். "அறுநூத்துப் பதினொண்ணு. என் கையால எழுதினது. இதுக்கு மேல என்னம்மா பேப்பர்?"

"அத்தனையும் ரெண்டு பேரா போனது சார். தனியா எத்தனை?" என்றாள் அந்தப் பெண்.

பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை.

தேர்வு நாளில் பயிற்சியாளர் தள்ளியே பின்தொடர்ந்தாள். திசை, காற்றுக் கணக்கு, உதிரி சிலிண்டர் எல்லாம் சரி. மேலே வரும்போது, உடம்பு அழுத்த மாற்றத்துக்குப் பழக, ஐந்து மீட்டர் ஆழத்தில் கயிற்றைப் பிடித்து மூன்று நிமிடம் நிற்க வேண்டும். தையல்காரம்மா நின்றார். மூன்று ஆறாயிற்று, ஒன்பதாயிற்று. கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போனதும் பயிற்சியாளர் தோளைத் தட்டி அழைத்து வந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"அவரு எங்கயாவது நண்டைப் பார்த்துட்டு நின்னுடுவாரு. வர்ற வரைக்கும் நான் கயித்துல தொங்கணும். பழகிப்போச்சு."

"நான் வந்து தட்டலேன்னா?"

எடைப் பட்டையைக் கழற்றியபடி யோசித்தார். "இன்னும் கொஞ்சம் நின்னிருப்பேன்."

'தேறவில்லை' என்று எழுதினேன். அதற்குப் பிறகு சான்றிதழ் வீண் என்று நான் எங்கும் பேசவில்லை.

இரண்டு மாதம் நீச்சல் குளத்தில் பழகினார். கடிகாரம் கண்ணில் படும்படி உடுப்பின் கையில் ஒரு பை தைத்துக்கொண்டார். மறுதேர்வில் தேறினார்.

முதன்முறை தனியாக இறங்கிய அன்று, காலை 7.10க்குப் போனவர் 7.49க்குப் படகுத்துறைப் படியேறினார். அவரும் கணவரும் இறங்கிய நாட்களில் ஐம்பது நிமிடத்துக்குக் குறைந்ததில்லை.

"பாறை இருக்கா?"

"இருக்கு. நண்டும் இருக்கு, கொழுத்துப்போய். யாரும் தொந்தரவு பண்ணலைல்ல."

612 என்று எழுதப் போனேன்.

"அது எங்க ரெண்டு பேரு நம்பர் அண்ணே. அங்கேயே நிக்கட்டும். இதுக்கு ஒண்ணுன்னு போடுங்க."

வரிசை எண்ணை நான் மாற்றியதே கிடையாது. ஒன்று என்று போட்டேன். இணைக்கான கட்டத்தில் கோடு இழுத்தேன்.

"மூணே நிமிஷம்தான் நின்னேன், சீக்கிரம் வந்துட்டேன்," என்றார். சொன்னாரே தவிர, கயிறு இறங்கிய தண்ணீரிலேயே கண் இருந்தது.