கரைவலையில் ஒட்டிய தார்

இன்று காலை எங்கள் ரசிகர் மன்றம் முழுவதும் முல்லைத்தீவுக் கடற்கரையில்தான்! எந்தக் கப்பல் கொட்டியதோ தெரியாது, கரை முழுக்கத் தார்க் கட்டிகள். தலைவர் படம் போட்ட பெனியனோடு எல்லாவற்றையும் பொறுக்கினோம், வீடியோவும் போட்டோம்.

கட்டிகளை அள்ளிப்போகச் சாக்கு இல்லை. அலையோரம் குழி தோண்டிப் புதைத்தோம். அது மட்டும் வீடியோவில் இல்லை.

பின்னேரம் போய்ப் பார்த்தால், அலை குழியைக் கிளறிவிட்டிருந்தது. அதற்கு மேலால்தான் அந்தோனி அண்ணை கரைவலை இழுத்திருக்கிறார். வலை முழுக்கத் தார்.

"திரும்பவும் வந்திட்டுது தம்பி," என்றார். "நீங்கள் எவ்வளவு பாடுபட்டுத் துப்புரவாக்கினியள்! அந்தக் கப்பல்காரன் விட்டானே? நாளைக்குத் தொழிலுக்குப் போகேலாது."

அவருடைய மனைவி தன் தேநீரை என்னிடம் நீட்டினார். "குடியுங்கோ ராசா. வெயிலுக்க நிண்டு களைச்சுப்போனியள்."

குடித்தேன். "ஓம் அண்ணை, அவங்களைச் சும்மா விடக்கூடாது" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடிய அவரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். வலையில் ஒட்டிய தாரை எடுக்கத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

கப்பல்காரனைத் திட்ட வேண்டுமென்றாலும் இங்கேயே திட்டலாம். இந்த வலைக்குக் கப்பல்காரன் நான்தான்.